குளோரின் அறையின் மூக்கு

ஞானசிகாமணியை நீரேற்று நிலையத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கண்ணாச்சி என்றால்தான் தெரியும். இத்தனைக்கும் அது பார்க்க ஒன்றும் எடுப்பான மூக்கு இல்லை. சப்பை மூக்கு, அதன்மேல் கண்ணாடி நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கும். ஆனால் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, தாமிரபரணி வளைந்து திரும்பும் இடத்திலுள்ள அந்த நிலையத்தில் பதினொரு பேர் அந்த மூக்கை நம்பித்தான் நிம்மதியாக வேலை பார்த்தார்கள்.

ஆற்று மணலுக்குள் இறக்கிய உறைகிணற்றிலிருந்து தண்ணீரை இழுத்து, குளோரின் கலந்து, அறுபது எழுபது ஊர்களுக்கு அனுப்புகிற நிலையம் அது. குளோரின் பெரிய இரும்பு உருளைகளில் அடைத்து வரும். தண்ணீரில் துளி கலந்தால் குடிக்கிறவர்களைக் காப்பாற்றும். காற்றில் கசிந்தால் நெஞ்சைப் பொசுக்கிவிடும். கசிவைச் சொல்லச் சுவரில் ஒரு மணிப்பெட்டி உண்டு. நான்கு வருஷத்துக்கு முன்னால் இடி இறங்கி அது ஊமையானது. புகார் எழுதிப் போட்டார்கள், ஞாபகமூட்டி எழுதினார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். மூக்கண்ணாச்சி இருக்கும்போது மணிப்பெட்டி எதற்கு என்று மேலதிகாரிகளே சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர்கள் அப்படிச் சிரிக்கவும் ஒரு காரணம் இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. மூன்று மணி நேர ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காம் வார்த்தைப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. கோயில் முழுக்கத் தலை குனிந்திருந்த நேரத்தில் ஞானசிகாமணி மட்டும் எழுந்து வெளியே ஓடினார். அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த நிலையத்திலிருந்து காற்றோடு வந்த மெல்லிய நெடியை அவர் பிடித்துவிட்டார். அவர் போய் வால்வை மூடியிராவிட்டால் அடுத்த தெருவில் பதின்மூன்று பேர் செத்திருப்பார்கள் என்று அப்புறம் கணக்குச் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்தப் பெயர். மனிதருக்கு அது பட்டம் மாதிரி ஆகிவிட்டது. புதிதாக யாராவது வந்தால், தானே அந்த வெள்ளிக்கிழமையில் ஆரம்பித்துவிடுவார்.

ஐம்பத்தேழாவது வயதில் அந்த மூக்கு அடைக்கத் தொடங்கியது. முதலில் சளி என்று நினைத்தார். பிறகு ஆவி பிடித்தார், தைலம் தடவினார். ஒருநாள், பம்ப் ரூமில் இருக்கும் குற்றாலலிங்கம் வந்து, “அண்ணாச்சி, லேசா கசியுத மாதிரி இல்ல?” என்று கேட்டபோதுதான் அவருக்குச் சுருக்கென்றது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. “ஆமாவே, நானும் இப்பதான் பாத்தேன்” என்று சமாளித்தார். அந்தப் பொய்யில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று சொல்லவேண்டும்.

மூக்கினுள் திராட்சைக் கொத்துப் போலச் சதை வளர்ந்திருந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், மூக்கு வழியாகவே குழாய்க் கேமராவை விட்டு ஆபரேஷன் செய்தார் டாக்டர் சுகிர்தா. வெளியே ஒரு கீறல் கிடையாது. வீட்டுக்கு அனுப்பும் முன்னால் அவரையும் மனைவி ஹெப்சிபாவையும் எதிரே உட்காரவைத்துப் பேசினார்.

“ஐயா, நல்லா கேட்டுக்கோங்க. நான் செஞ்சது பாதிதான். மீதிப் பாதி உங்க கையில இருக்கு. உள்ள எதிரும் புதிருமா ரெண்டு பக்கமும் புண்ணு. ஈர அப்பளம் ரெண்டை ஒண்ணு மேல ஒண்ணு போட்டா என்ன ஆகும்?”

“ஒட்டிக்கிடும்” என்றாள் ஹெப்சிபா.

“அதேதான். ஆறும்போது ஒட்டிக்கிட்டுன்னா அங்கன தழும்பு வளந்து பாதையை அடைச்சிரும். காத்தும் போகாது, வாசனையும் போகாது. அதுக்குத்தான் நடுவுல சின்னதா ஒரு சிலிக்கான் தகடு வச்சிருக்கேன். பதினாலாம் நாளு எடுத்துருவேன். அதுக்குப் பொறவு வாரா வாரம் வரணும். உள்ள கட்டுற பொருக்கை நான் எடுத்து விடணும். வலிக்கும். வலிக்குன்னு வராம இருந்துராதீங்க. தெனம் மூணு வேளை உப்புத்தண்ணி விட்டுக் கழுவணும். கொதிக்க வச்சு ஆறின தண்ணி. எந்தத் தண்ணியா இருந்தாலும் கொதிக்க வைக்காம மூக்குக்குள்ள போகப்பிடாது.”

ஞானசிகாமணி பெரிய மனுஷத் தோரணையில் தலையாட்டினார். முப்பத்தொரு வருஷம் தண்ணீரோடு கிடந்தவருக்கு, மகள் வயதுப் பெண் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள் என்று உள்ளுக்குள் சிரிப்பு.

பதினான்காம் நாள் தகட்டை எடுத்தார்கள். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து மூக்கருகே காட்டினார். “காப்பித்தூளு!” என்று கத்தியேவிட்டார் ஞானசிகாமணி. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மழை ஈரம், டீசல், பூக்கடை மரிக்கொழுந்து, ஹெப்சிபாவின் தலையிலிருந்த தேங்காயெண்ணெய். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, “ஆட்டோக்காரருக்குக் கேக்கும், சும்மா வாங்க” என்றாள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷமான ஒரு மாலை வாய்த்ததில்லை.

அவர் செய்த தப்பு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது.

வீட்டில் முதல் வாரம் ஹெப்சிபாதான் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தாள். கழுவும்போது மூக்கு எரிந்தது. எரிச்சல் என்றதும் அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை. குளோரின்தான் என்று முடிவு கட்டிவிட்டார். தான் கலந்து அனுப்பும் மருந்து தன் புண்ணிலேயே வந்து எரிக்கிறது என்று நினைத்தார். நிலையத்தில் வேலை செய்கிறவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஊருக்கெல்லாம் குளோரின் போட்ட தண்ணீர்; அவர்கள் குடிப்பது மட்டும் உறைகிணற்றுத் தண்ணீர், மருந்து கலக்கும் முன்னால் எடுத்தது. அதைக் குடித்தால் இளநீர் மாதிரி இருக்கும் என்பார்கள். ஞானசிகாமணியும் ஐந்து லிட்டர் கேனில் அதைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

“இதைக் கொதிக்க வைக்கட்டா?” என்று கேட்டாள் ஹெப்சிபா.

“ஏட்டி, பதினெட்டு அடி மணல்ல வடிஞ்ச தண்ணி. நாங்க முப்பது வருஷமா குடிக்கோம். இதுக்கு மேல என்ன கொதிப்பு?”

அவள் டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினாள். அவர் கேட்கவில்லை. குடிக்கிற தண்ணீர் வயிற்றுக்குப் போகிறது, அங்கே அதைப் பார்த்துக்கொள்ள அமிலம் இருக்கிறது. மூக்கினுள் பச்சைப்புண் மட்டும்தான் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

தகடு எடுத்த ஐந்தாம் நாள் மழை பிடித்தது. முதல் மழைக்கு ஆறு ஊரையெல்லாம் கழுவிக்கொண்டு வந்தது. நுரையும் சாக்கடையும் பிளாஸ்டிக்கும் செத்த கோழிகளுமாகக் கரை முழுக்க ஒதுங்கின. உறைகிணற்றில் தண்ணீர் கலங்கியது. இரண்டு மடங்கு குளோரின் போடச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த உத்தரவைப் பதிவேட்டில் எழுதியவர் ஞானசிகாமணி. ‘கிணற்று நீர் மாசு, அளவு கூட்டப்பட்டது’ என்று அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் இன்றும் இருக்கிறது. எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, அன்று சாயங்காலமும் அதே கிணற்றில் கேனை நிரப்பினார். கேனுக்குள் தண்ணீர் தெளிவாகத்தான் தெரிந்தது.

வெள்ளத்தில் ஆள் பற்றாமல் இரட்டை டூட்டி பார்த்தார். மூன்றாம் வாரம் பொருக்கு எடுக்கப் போகவில்லை. நான்காம் வாரமும் போகவில்லை. டூட்டி ஒரு சாக்கு. உள்ளபடி சொன்னால் அந்த வலிக்குப் பயந்தார். நன்றாக மூச்சு வருகிறதே, இனி எதற்கு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். பிறகு லேசாகக் காய்ச்சல் அடித்தது. மூக்கிலிருந்து பச்சையாகச் சீழ் வந்தது. தைப்பொங்கல் வரை ஊரே சளியோடு அலைகிற காலம்தானே என்று மாத்திரை வாங்கிப் போட்டார். ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே போனது. மரிக்கொழுந்து போனது. தேங்காயெண்ணெய் போனது. ஒரு காலையில் அடுப்பில் பால் பொங்கிக் கருகி வீடெல்லாம் புகைந்தபோது, அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் பதினான்காம் தேதி ஹெப்சிபாவிடம் சொல்லாமல் தனியாக டாக்டரிடம் போனார். கேமராவை உள்ளே விட்ட சுகிர்தா இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினார். அக்டோபரில் அகலமாகத் திறந்திருந்த இடத்தில் வெளுத்த தழும்பு ஒன்று இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகப் பாலம் போட்டிருந்தது. இரண்டு பக்கமும் அப்படித்தான். மேலே, வாசனை ஏறுகிற இடுக்கு முழுசாக மூடியிருந்தது.

“என்ன தண்ணில கழுவுனீங்க?”

சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“எரியுதுன்னா அது குளோரின் இல்ல ஐயா. கொதிச்ச தண்ணில குளோரின் எங்க இருக்கு? உப்புப் பொட்டலம் முழுசா போட்டீங்களா?”

“பிரஷர் இருக்கேன்னு பாதி போட்டேன்.”

“உப்பு கொறைஞ்சா எரியும். ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம்.” கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னார். “பச்சைத் தண்ணி மூக்கு வழியா ஏறி மூளைக்கே கிருமி போயி செத்தவங்க இருக்காங்க. உங்களுக்கு அது வரல. சீழ் பிடிச்சு, புண்ணு ஆறாம, பொருக்கும் எடுக்காம ஒட்டிக்கிட்டு. மொதல்ல சீழ் அடங்கணும். பொறவு தழும்பை அறுத்து விடணும். வாசனை திரும்புமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.” ஒரு தாளை இழுத்து எழுதத் தொடங்கினார். “அதுவரைக்கும் குளோரின் ரூமுக்குள்ள நீங்க டூட்டி பாக்கக்கூடாது. இதை உங்க ஆபீஸ்ல இன்னிக்கே குடுங்க.”

அவர் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஆபீஸ் வாசல்வரை போனார். உள்ளே உதவிப் பொறியாளர் (ஏ.இ.) சிவசங்கரன், புதிதாக வந்த யாரிடமோ, “நம்ம மூக்கண்ணாச்சி இருக்காரே, அவரு மூக்குதான் நமக்கு அலாரம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஞானசிகாமணி அப்படியே திரும்பிவிட்டார். வீட்டில், “எல்லாம் நல்லா ஆறிட்டாம்” என்றார். அதற்கு மேல் ஹெப்சிபா கேட்கவில்லை. அவர் பொய் சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியாது.

மூக்குக்குப் பதில் ஒரு வழி கண்டுபிடித்தார். அமோனியாவில் நனைத்த துணியைக் குழாய் இணைப்பருகே காட்டினால், கசிவு இருக்கும் இடத்தில் வெள்ளைப் புகை எழும். புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற சோதனை அது. அவர் அதை மணிக்கொரு தரம் செய்யத் தொடங்கினார். புகை இல்லை என்றால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று உட்காருவார்.

குற்றாலலிங்கம் ஒருநாள் கேட்டார்: “என்ன அண்ணாச்சி, நீங்க எப்பவும் மோந்தேல்லா பாப்பிய? இப்ப என்ன துணியும் கையுமா அலையுதிய?”

“சட்டப்படி செய்யணும்வே. ரிட்டயர் ஆகப்போற காலத்துல கெட்ட பேரு வரப்பிடாதுல்லா.”

மணிக்கொரு தரம் திறந்து மூடி, சரியாக மூடாமல் விட்டு, அந்தப் பாட்டிலில் இருந்த அமோனியா கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் போய்க்கொண்டிருந்தது. நெடி குறைந்துவிட்டது என்று எந்த மூக்கும் சொல்லியிருக்கும். நவம்பர் கடைசியில் அதில் மிஞ்சியது வெறும் தண்ணீர்.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய ஆயத்த ஞாயிறுகளில் முதலாவது. ஞானசிகாமணிக்குக் காலை டூட்டி. ஒன்பது மணிக்குத் துணியைக் காட்டினார், புகை இல்லை. பத்துக்கும் இல்லை, பதினொன்றுக்கும் இல்லை. கண் கொஞ்சம் எரிந்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டார். தொண்டை கரகரத்தது; மாத்திரையின் சூடு என்று தண்ணீர் குடித்தார். பிறகு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். காற்று அவர் முதுகுப் பக்கமிருந்து ஆற்றைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. குளோரின் அறையின் கதவு ஆற்றுப் பக்கம் திறந்து கிடந்தது. படித்துறையருகே எப்போதும் நிற்கிற கொக்குகள் அன்று ஒன்றுகூட இல்லை. அதை அவர் பார்த்தார். பார்த்தும் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை.

கோயில் முடிந்து ஹெப்சிபா தூக்குவாளியோடு வந்தாள். அவள் எப்போதும் வருவது ஆற்றங்கரைப் பாதை. குளோரின் அறைக் கதவைத் தாண்டும்போது தூக்குவாளி கையிலிருந்து விழுந்தது. அவர் சத்தம் கேட்டுத் திரும்பினார். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இருமினாள். இருமல் நிற்கவில்லை.

“ஏங்க… இது என்ன… கண்ணு…”

சொல்லி முடிக்காமல், கண்ணைக் கழுவுவதற்காகப் படித்துறையை நோக்கிக் கீழே ஓடினாள்.

அந்த நொடியில் ஞானசிகாமணிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கண் எரிச்சல், தொண்டை, கொக்கு, பாட்டில், எல்லாம். குளோரின் காற்றைவிடக் கனமானது. தண்ணீர் மாதிரிப் பள்ளத்தைத் தேடி ஓடும். அவள் ஓடுகிற படித்துறையில்தான் அது போய்த் தேங்கியிருக்கும்.

“கீழ போகாதட்டி! மேல வா! மேல வா, ஹெப்சி!”

அவளுக்குக் கேட்கவில்லை. அவர் பம்ப் ரூமைப் பார்த்து, “லிங்கம்! முகமூடியப் போட்டுட்டு வால்வை அடைவே!” என்று அலறிவிட்டு, தோள் துண்டைக் குடத்தில் முக்கி முகத்தில் கட்டிக்கொண்டு படியிறங்கினார். மூன்றாம் படியில் அவள் மடங்கி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, காற்றுக்கு எதிராக மேட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அந்த இருபது அடி தூரமும் அவருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. நெஞ்சு எரிந்தது, கண்ணீர் கொட்டியது. மூக்கு மட்டும் ஒன்றுமே நடக்காதது போல இருந்தது.

குற்றாலலிங்கம் வால்வை அடைத்துவிட்டார். ஹெப்சிபாவுக்கு மூன்று நாள் பிராணவாயு வைத்தார்கள். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஏ.இ. சிவசங்கரன் வந்து அவர் தோளில் கை வைத்தார். “நல்ல வேளை அண்ணாச்சி, உங்க மூக்கு இருந்ததால இதோட போச்சு. இல்லன்னா ஊரே…”

ஞானசிகாமணி சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். வியர்வையில் ஊறிக் காய்ந்து, மடித்த இடமெல்லாம் நைந்திருந்தது. சிவசங்கரன் படித்தார். மேலே இருந்த தேதியை இரண்டு தரம் பார்த்தார்.

“பதினாறு நாளா இது எங்க இருந்துச்சு?”

“எங்கிட்டதான்” என்றார் ஞானசிகாமணி. உள்ளே ஹெப்சிபா இருமுவது கேட்டது. அந்தத் தாழ்வாரத்தில், அத்தனை பேர் முன்னால், வெட்கமில்லாமல் அழுதார்.

மணிப்பெட்டி அந்த வாரமே புதிதாக வந்துவிட்டது. அவரை விசாரணை முடியும்வரை குளோரின் அறையிலிருந்து மாற்றினார்கள். ஜனவரியில் தழும்பை அறுத்து விட்டு, மறுபடியும் தகடு வைத்தார் டாக்டர் சுகிர்தா. இந்தத் தடவை ஞானசிகாமணி தானே அடுப்படியில் நின்று தண்ணீர் கொதிப்பதைப் பார்த்தார். உப்புப் பொட்டலத்தை முழுசாகப் போட்டார். வாரம் தவறாமல் போனார். பொருக்கு எடுக்கும்போது நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போடவில்லை. ஹெப்சிபாவும் கூடவே வந்தாள். இரண்டு மாடி ஏற நான்கு தரம் நிற்க வேண்டியிருந்தது அவளுக்கு. இருமல் இன்னும் விடவில்லை.

ஆறாம் வாரம் கேமராவில் பார்த்துவிட்டு, “ஒரு இடத்துலயும் ஒட்டல ஐயா. பாதை அருமையா திறந்திருக்கு” என்றார் டாக்டர். அவர் குரலில் இருந்த சந்தோஷம் அறைக்கே கேட்டது. மேசை இழுப்பறையைத் திறந்தார். “கண்ணை மூடுங்க.”

ஞானசிகாமணி கண்ணை மூடினார். தகர மூடி திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். காப்பித்தூள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், அவருக்கு அந்தப் பெயரும் திரும்பக் கிடைக்கும். ஆழமாக மூச்சை இழுத்தார். காற்று தடையில்லாமல் உள்ளே போனது. பின்னால் ஹெப்சிபா இருமலை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

“டப்பா திறந்த சத்தம் கேட்டுது டாக்டரம்மா” என்றார். “வேற ஒண்ணும் தெரியல.”